காலியாக விட்ட ஐந்தாம் அத்தியாயம்

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. பேசினால் கேட்காது. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள் வயிறு குலுங்கச் சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் இஸ்திரி உருளை நீராவியைப் பெருமூச்சாக விட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று நாள் முழுக்கக் கத்திப் பழகிய பெண்களுக்கு வீட்டுக்குப் போனாலும் குரல் இறங்குவதில்லை என்று அவர்களுடைய வீட்டுக்காரர்கள் குறைப்படுவது உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவள் வாயே திறக்காதவளாக இருந்தால் சும்மா விடுவார்களா? ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் ஊமைக்கோட்டான்.

அவளுக்கும் அது தெரியும். கோபம் வந்ததில்லை. வேண்டுமென்றா பேசாமல் இருக்கிறாள்? அவளுக்குள் ஒரு சொல் எழுந்து, சுற்றி வந்து, சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் எதிரில் இருப்பவர்களின் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருக்கும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. காகிதம் காத்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் வேலையை விடாமலே மாலை வகுப்பில் மேலாண்மைப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். பாடங்கள் முடிந்தன, பரீட்சைகள் முடிந்தன. ஆய்வேடு ஒன்றுதான் நின்றது, நகர்த்த முடியாத பீரோ மாதிரி.

போன வருடம் எடுத்த தலைப்பு மிகப் பெரியது. மருத்துவமனை முழுவதையும் அதற்குள் அடைக்கப் பார்த்தாள். மூச்சுத் திணறி, பாதியில் விட்டாள். இந்த வருடம் சுருக்கிக்கொண்டாள். தன்னுடைய சலவைக்கூடம், அதில் அடிக்கடி வேலைக்கு வராமல் போகிறவர்கள், அவ்வளவுதான். இதுவும் நடக்கவில்லை என்றால் படிப்பையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாத முடிவுகளைத்தான் அவள் எப்போதும் நிறைவேற்றியிருக்கிறாள். அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டி ஒரு பேராசிரியை. வயதில் இவளைவிட நன்றாகச் சின்னவர், நிறைமாதக் கர்ப்பிணி. வெள்ளிக்கிழமையோடு பிரசவ விடுப்பில் போகிறார். அதற்குள் ஆய்வேட்டின் அத்தியாயத் திட்டத்தில் அவருடைய கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் கோப்பு அடுத்த அறைக்குப் போகும். அடுத்த அறையில் இருந்தவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஆரம்பம் சார். எந்தக் கோப்பு வந்தாலும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "முதல்ல இருந்து ஆரம்பிங்க" என்பார். அவரிடம் போனவர்கள் ஒரு வருடம் கழித்துத்தான் வெளியே வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வழிகாட்டியின் அறைக்குப் போனாள். திட்டத்தைச் சலவைக்கூடத்துப் பணிமுறை அட்டவணை மாதிரியே பெரிய தாளில் கட்டம் போட்டு, அத்தியாயத்துக்கு ஒரு நிறம் கொடுத்துத் தயாரித்திருந்தாள். வழிகாட்டி அதை மேசையில் விரித்தார். வயிறு இடித்ததால் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"அழகா இருக்கு அக்கா. சுவத்துல மாட்டலாம்."

மாணவி ஆசிரியரை மேடம் என்பாள். ஆசிரியர் மாணவியை அக்கா என்பார். முதல் நாளிலிருந்தே அப்படித்தான், இருவரும் பேசி வைத்துக்கொண்டதல்ல.

"அறிமுகம். அடுத்தது மத்தவங்க இதுவரைக்கும் செஞ்ச ஆய்வு. அப்புறம் ஆய்வு முறை, கண்டுபிடிப்பு, பரிந்துரை. வரிசை சரிதான்." வழிகாட்டி கோப்பைப் புரட்டினார். "ஆனா முதல் நாலு அத்தியாயத்துக்கும் தலைப்பு மட்டும்தான் இருக்கு. அஞ்சாவது மட்டும் பைண்டு பண்ற அளவுக்கு முழுசா இருக்கே?"

"அதை முதல்லயே முடிச்சிட்டேன் மேடம்."

"எப்போ?"

"இந்தத் தலைப்பை எடுத்த வாரமே."

"ஆளுங்களைப் பேட்டி எடுக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

அதில் என்ன தவறு என்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. மருத்துவமனை நிர்வாகிக்கு எழுதும் குறிப்புகள் எல்லாம் அப்படித்தான். தீர்வு முதல் வரியில் இருக்க வேண்டும். காரணம் கேட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்த மனிதர் ஒருநாளும் காரணம் கேட்டதில்லை. முதல் வரியைப் படிப்பார், கையெழுத்தைச் சுழிப்பார், அனுப்புவார். இத்தனை வருடமாக முடிவிலிருந்து பின்னோக்கி எழுதியே அவள் கை பழகிவிட்டிருந்தது. அவளுடைய ஐந்தாம் அத்தியாயம் இரண்டு தீர்வுகளைச் சொன்னது. மாதம் முழுக்க வருகிறவர்களுக்கு ஒரு பரிசு. அடுத்தது, படுக்கை விரிப்புகளை மடிக்கும் பிரிவில் ஜோடியாக வேலை செய்யும் இரண்டு பேருக்கு ஒரே நாளில் விடுப்பு இல்லை. ஏனென்றால் அந்தப் பிரிவில்தான் ஆட்கள் சேர்ந்து சேர்ந்து மட்டம் போட்டார்கள். ஒருத்தி வராவிட்டால் அவளுடைய ஜோடியும் வரமாட்டாள். பேசி வைத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வழிகாட்டி பேட்டித் தாள்களை எடுத்து உரக்கப் படித்தார். "மாதம் முழுவதும் வந்தால் பரிசு உண்டு என்றால் தவறாமல் வருவீர்களா?" ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். "ஆமா. ஆமா. ஆமா மேடம். கண்டிப்பா. ஆமா." நிமிர்ந்தார். "பரிசு குடுத்தா நானே வெள்ளிக்கிழமைக்கு அப்புறமும் வருவேன் அக்கா."

அவள் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதிலை எழுதி வெச்சிட்டு, அதுக்கு ஆமா போட ஆள் பிடிச்சிருக்கீங்க. கேள்வி எங்க?"

வெளியே தாழ்வாரத்தில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அப்போ இந்தப் பேட்டி எல்லாம்?"

"இந்த ஆமாவை எல்லாம் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." அவள் முகத்தைப் பார்த்து வழிகாட்டி குரலைத் தணித்துக்கொண்டார். "திட்டறேன்னு நினைக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி கொண்டு வாங்க. அதுக்குப் பதில் உங்களுக்கே தெரியாததா இருக்கணும். அந்தக் கேள்வியை வெச்சு அஞ்சு அத்தியாயத்தையும் மறுபடி அடுக்குங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன். உள்ள இருக்கற ஆள் மட்டும் ஒத்துழைக்கணும்."

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். பதில் தெரியாத கேள்வி. பதில் தெரியாமல் ஒரு கேள்வியை வாயில் எடுப்பது அவளுடைய வேலையில் பெரிய குற்றம். தெரியாது என்று சொல்லும் மேற்பார்வையாளரை எந்த நிர்வாகி வைத்துக்கொள்வார்? பெண்களும் விடமாட்டார்கள், ஊமைக்கோட்டானுக்குத் தெரியவும் தெரியாதாம் என்று உருளைக்கு மேலாகக் கத்துவார்கள். ஆரம்பம் சாரின் அறைக் கதவு நீல நிறம். அது கண்ணிலேயே நின்றது.

அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துகிறவன். நுணுக்கமான வேலை, வாய் மட்டும் நீளம். மனைவியின் மௌனத்தில் களைப்பு எது, கோபம் எது, யோசனை எது என்று அவனுக்கு அத்துப்படி. அன்று அவள் செருப்பைக் கழற்றிய விதத்தைப் பார்த்ததுமே டீ போட எழுந்துவிட்டான்.

"ஆரம்பம் சார்கிட்ட போகுதா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் எதுக்கு இப்பவே அவர்கிட்ட போயிட்டு வந்த மாதிரி மூஞ்சி?"

டீயைக் குடித்தாள். பிறகு சாப்பாட்டு மேசையில் கைபேசியை வைத்து, பேட்டிகளின் பதிவுகளைத் திறந்தாள். துணி அடுக்கும் கிடங்கு அறையில்தான் பேட்டி எடுத்திருந்தாள். சத்தம் வராத இடம் அது ஒன்றுதான். ஒவ்வொருவரும் ஆமா சொன்ன இடம்வரை மட்டும் தாளில் எழுதியிருந்தாள். மிச்சம் வெட்டிப் பேச்சு என்று விட்டுவிட்டாள். இப்போது அதையும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் வந்தது ரேடியோவின் குரல். மடிப்புப் பிரிவில் ஓயாமல் பேசுகிறவளுக்கு அங்கே அந்தப் பெயர். "ஆமா மேடம், பரிசு குடுத்தா யாரு வேண்டாம்னு சொல்லப் போறாங்க" என்றது குரல். அதோடு நின்றது. மேசை மேல் கைபேசி கிடந்தது, சத்தமே இல்லாமல்.

அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். "போன் செத்துப்போச்சா?"

"ஓடுது."

"யாருமே பேசலையே."

"நான்தான் பேசல."

"அவங்கதான் ஆமா சொல்லிட்டாங்களே. எழுந்து வர்றதுதானே?"

"அடுத்து என்ன கேக்கறதுன்னு தெரியல. சும்மா இருந்தேன்."

"பாவம் அந்தம்மா. கல்யாணம் பண்ணிக்கிட்டவன் நான் இருக்கேன், எனக்கு விதி. அவங்க என்ன பண்ணாங்க?"

அதற்குள் கைபேசியில் ரேடியோ கனைத்தாள். "போயிடவா மேடம்?" மறுபடி ஒன்றும் இல்லை. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, சலவைக்கூடத்தில் யாரும் கேட்டிராத ஒரு தாழ்ந்த குரலில் அவள் பேச ஆரம்பித்தாள்.

"பரிசெல்லாம் சரி மேடம். ஆனா என் ஜோடி வரலேன்னா என்னை அந்தப் பக்கம்தானே அனுப்புவீங்க."

அந்தப் பக்கம் என்றால் அழுக்குப் பக்கம். சலவைக்கூடத்தைக் குறுக்கே ஒரு சுவர் பிரிக்கிறது. வார்டுகளிலிருந்து வரும் துணியைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிரித்து இயந்திரத்தில் போடுவார்கள். துவைத்தது இந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே வரும். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி வராத நாளில் மற்றவள் ஒற்றையாக நின்று என்ன செய்வாள்? அந்தப் பக்கம் எப்போதும் ஆள் பற்றாக்குறை, அங்கே போகட்டும். இது யார் போட்ட விதி என்று யாருக்கும் தெரியாது. அவள் மேற்பார்வைக்கு வரும் முன்பே இருந்தது, அவளும் அதையே பின்பற்றினாள்.

"போன தடவை ஒரு தலையணை உறைக்குள்ள ஊசி இருந்துச்சு மேடம். கையுறையையும் தாண்டிக் குத்திடுச்சு. ரத்தம் டெஸ்ட் பண்ணி, ஒண்ணும் இல்லேன்னு சொல்ற வரைக்கும் எனக்கு உசிரே இல்ல. வீட்டுல சொல்லல. என் ஜோடிக்கு மட்டும்தான் தெரியும்."

அடுப்படியில் கத்தியின் சத்தம் நின்றது. கணவன் கையைத் துடைத்துக்கொண்டு, "இது நான் கேக்க வேண்டியது இல்ல" என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனான். கதவையும் சாத்திக்கொண்டான்.

"அதுல இருந்து அவளுக்கு ஒரு நாள் வர முடியலேன்னாலும் முதல் நாளே போன் பண்ணிடுவா. நாளைக்கு நான் வரல, நீயும் வந்து மாட்டிக்காதேன்னு. அவளுக்கு நல்ல மனசு மேடம். இப்போ எல்லா ஜோடியும் அப்படித்தான் சொல்லிக்கறாங்க."

பதிவில் ரேடியோவின் மூச்சு கேட்டது. பிறகு, "சரி மேடம், உருளைகிட்ட ஆள் இல்ல, நான் போறேன்."

அவள் கைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னதுதான். முழங்கால் இடிக்கும் தூரத்தில் இருந்துகொண்டு கேட்டதுதான். அப்போது தலைக்குள் அடுத்த ஆமாவுக்கு எங்கே போவது என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழுந்தது, அதற்கு மேல் போகவில்லை. அவள் ஊர் சுற்றல் என்று எழுதி வைத்திருந்தது ஒருத்தி இன்னொருத்தியைக் காப்பாற்றப் பண்ணிய போன்.

வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது, மூடிய அறையில் ஒரு ஜன்னலை மட்டும் திறந்த மாதிரி. அவள் அடுத்த பதிவைத் திறந்தாள்.

அன்று இரவும், புதன் காலையில் பேருந்திலும், மதியம் கிடங்கு அறையிலும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மிச்சத்தை எல்லாம் கேட்டாள். சிலருடையதில் ஆமாவுக்குப் பிறகு ஒன்றும் இல்லை, எழுந்து போய்விட்டிருந்தார்கள். ஒருத்தி தன் நாத்தனாரைப் பற்றி மட்டும் நெடுநேரம் புலம்பியிருந்தாள். ஆனால் மடிப்புப் பிரிவுப் பெண்கள் பேசியிருந்தார்கள். அவள் வாய் மூடியிருந்த நேரம் தாங்க முடியாமல், அந்த வெற்றிடத்தை நிரப்ப எதையாவது சொல்லித் தொலைப்போம் என்று சொல்லத் தொடங்கி, சுற்றி வளைத்து, பெரும்பாலும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்தில்தான் வந்து நின்றார்கள். தன் வாழ்நாளில் ஒரு குறையாகவே சுமந்து வந்த ஒன்று இப்படி உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமையே ரேடியோவைக் கிடங்கு அறைக்குக் கூப்பிட்டாள்.

"அன்னிக்குச் சொன்னதை என் ஆய்வுல எழுதலாமா? வேண்டாம்னா விட்டுடறேன்."

ரேடியோ யோசித்தாள். "பேர் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"ரேடியோன்னும் போடாதீங்க மேடம். அது ஊருக்கே தெரியும்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அன்னிக்கு நீங்க எதுவுமே சொல்லலையா, கோபமா இருக்கீங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாள் சோறு இறங்கல."

"கோபம் இல்ல."

"இப்போ தெரியுது. ஆனா மேடம், மனுஷங்க நடுநடுவுல ஒரு ம் கொட்டலாம்."

புதன் இரவு திட்டத்தை மறுபடி அடுக்க உட்கார்ந்தபோது நிறப் பென்சில்களை எடுக்கவில்லை. முதலில் ஒரு கேள்வியை எழுதினாள். அதை முதல் அத்தியாயத்தில் வைத்தாள். வேலைக்கு வராமை பற்றி மற்றவர்கள் எழுதியவற்றில் தனி ஆளைப் பற்றிப் பேசியவற்றை ஒதுக்கிவிட்டு, சேர்ந்து வேலை செய்கிறவர்களைப் பற்றியவற்றை மட்டும் இரண்டாம் அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்டாள். பாதிப் புத்தகங்கள் மேசையை விட்டு இறங்கின. மூன்றாவதில் எப்படிக் கேட்டாள், எங்கே தப்பாகக் கேட்டாள், பிறகு எதைக் கேட்டாள் என்று எழுதினாள். நான்காவதில் அவர்கள் சொன்னது, வருகைப் பதிவேட்டில் விடுப்புகள் இரண்டிரண்டாக விழுந்திருப்பது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஐந்தாவதுக்கு வந்தபோது கை தானாக எழுதப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தலைப்பை மட்டும் போட்டு, ஒரு வெள்ளைத்தாளை வைத்தாள்.

வியாழக்கிழமை பிற்பகல், துவைத்த துணி வண்டிகளை எண்ணி அனுப்பிக்கொண்டிருந்தபோது வழிகாட்டியிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, ரத்த அழுத்தம் ஏறிடுச்சு. அட்மிட் பண்ணிட்டாங்க. நாளைக்கு வர முடியாது."

நீலக் கதவு கண்முன் வந்து நின்றது. அவளுக்கு முதலில் தோன்றியது கோப்புதான். அதன் பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று தோன்றியது. அந்த வரிசை அவளுக்கே பிடிக்கவில்லை. எந்த மருத்துவமனை, எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதி அனுப்பினாள். பதிலாக அழைப்பே வந்தது.

"நல்லாத்தான் இருக்கேன். சும்மா படுக்கப் போட்டுட்டாங்க, பொழுது போகல. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டீங்கல்ல? நீங்க துவைச்ச துணி மேலதான் அக்கா படுத்திருக்கேன்."

அவள் தலையை உயர்த்தி மேலே பார்த்தாள், கூரை வழியாகத் தெரியும் என்பது போல. பிரசவ வார்டு அதே கட்டடத்தில் இருந்தது.

"எழுதினதை எடுத்துட்டு மேல வாங்க."

வேலை நேரத்தில் அவள் வார்டுகளுக்குப் போனதே கிடையாது. அவளைப் பொறுத்தவரை வார்டு என்றால் கீழே வந்து விழும் மூட்டை. மாடி ஏறி, அறையைக் கண்டுபிடித்து உள்ளே போனவளுக்கு முதலில் கண்ணில் பட்டது நோயாளி அல்ல, விரிப்பு. நடுவில் நேராக ஒரு மடிப்புக் கோடு, விளிம்புக்கு விளிம்பு சமமாக. யார் மடித்தது என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் மடித்தது என்று சொல்லலாம். ஒற்றை ஆள் மடித்தால் கோடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வழிகாட்டியின் அம்மா உட்கார்ந்திருந்தார். கோப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது ஆஸ்பத்திரியா, காலேஜா?"

"அம்மா, அஞ்சு நிமிஷம்."

"உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்னிக்கும் பேப்பர் திருத்தணும்னு இதையேதான் சொன்னே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் வாசல்ல நின்னாங்க."

"அப்புறமா வர்றேன் மேடம்" என்று இவள் பின்வாங்கினாள்.

"நீங்க உக்காருங்க அக்கா. இதைப் படிக்கலேன்னாதான் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்." வழிகாட்டி தலையணையில் சாய்ந்து முதல் தாளை எடுத்தார். "மடிப்புப் பிரிவில் விடுப்பு ஏன் இருவர் இருவராக நிகழ்கிறது?" இன்னொரு முறை மனதுக்குள் படித்தார். "பதில் தெரியுமா?"

"பாதி தெரியும்."

"மீதி?"

அவள் யோசித்தாள். அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வழிகாட்டி அவசரப்படுத்தவில்லை.

"ஜோடி வராத அன்னிக்கு அழுக்குப் பக்கம் அனுப்பாம இருந்தா, மத்தவ வேலைக்கு வருவாளான்னு தெரியாது. வருவான்னு தோணுது. ஆனா தெரியாது மேடம்."

தெரியாது என்ற சொல் வெளியே வந்த பிறகும் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவளுக்கு அது விநோதமாக இருந்தது.

வழிகாட்டி மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினார். "ஆமாக்கு அப்புறம் எல்லாரும் தானாவே பேசினாங்களா? நீங்க என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல. என்ன கேக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"பயந்துபோய்ப் பேசற வரைக்கும்."

வழிகாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வைக்காதீங்க, நர்ஸ் வந்து திட்டுவாங்க" என்றார், தானே சிரித்துக்கொண்டு. "இதை அப்படியே எழுதுங்க. முதல் கேள்வி தப்புன்னு எழுதுங்க, மறைக்க வேண்டாம். அதுக்கு அப்புறம் சும்மா இருந்ததையும் எழுதுங்க. பேட்டி எடுக்கறவங்க பாதிப் பேருக்குச் சும்மா இருக்க வராது. எனக்கே வராது."

"அது மட்டும் நிஜம்" என்றார் அம்மா.

கடைசியாக வெள்ளைத்தாள் வந்தது. வழிகாட்டி அதைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே."

"இல்ல மேடம்."

"வேணும்னே விட்டதா?"

"ஆமா. கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"இப்போதான் இது ஆய்வேடு." வழிகாட்டி பேனாவுக்குக் கையை நீட்டினார். சாய்ந்தபடி மேல்நோக்கிப் பிடித்ததில் பேனா எழுத மறுத்தது. உதறினார், எழுதவில்லை. அம்மா சலித்துக்கொண்டே எழுந்து மகளின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகினார். இவள் கோப்பைத் தட்டு போல இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்தாள். கையெழுத்து விழுந்தது, கொஞ்சம் கோணலாக.

"இனிமே ஆரம்பம் சார்கிட்ட போனாலும் அவர் ஆரம்பிக்கச் சொல்ல முடியாது. திட்டம் கையெழுத்தாயிட்டா மாத்தக்கூடாது, விதி அப்படி" என்றார் வழிகாட்டி. பிறகு படுக்கையைத் தட்டினார். "விரிப்பு நல்லா இருக்கு அக்கா."

அறையை விட்டு வெளியே வந்தவள் மாடிப்படியில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார வேண்டும் போல இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்கே அது வேறு யாரோ சொன்னது போலக் கேட்டது. வண்டி தள்ளிக்கொண்டு போன ஊழியர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கணவனை அழைத்தாள்.

"என்னாச்சு?"

"ம்."

"இது நல்ல ம்மா, கெட்ட ம்மா?"

"நல்ல ம்."

மறுமுனையில் அவன் பேசவில்லை. அவன் அப்படிப் பேச்சற்று இருந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "தூசி. வில்லை தேய்க்கறேன்ல" என்றான். இந்தத் தடவையும் நடக்காவிட்டால் விட்டுவிடுவதாக இருந்தேன் என்று அவனிடம் சொல்ல நினைத்தாள். அந்தச் சொல் எழுந்து, சுற்றி வந்தது. சொன்னாள்.

"தெரியும்" என்றான். "நீ சொல்லாததை எல்லாம் சேத்து வெச்சா நானும் ஒரு ஆய்வேடு எழுதலாம்."

வெள்ளிக்கிழமை காலை சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் வழக்கம் போலக் குலுங்கிக்கொண்டிருந்தன. மடிப்பு மேசையில் ரேடியோ தனியாக நின்றாள். கையில் தடித்த ரப்பர் கையுறை, முகத்தில் பாதி ஏற்றிய துணி. அந்தப் பக்கம் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"உன் ஜோடி?"

"பையனுக்குக் காய்ச்சல் மேடம். நேத்தே போன் பண்ணிட்டா, நீயும் வராதேன்னு."

"அப்புறம் ஏன் வந்தே?"

"நீங்க ரெண்டு நாளா என்னையே பார்த்துட்டு இருந்தீங்களா. வரலேன்னா என் பேர்ல தனியா ஒரு அத்தியாயம் எழுதிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

உருளையிலிருந்து ஒரு விரிப்பு சூடாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. பிடிக்க ஆள் இல்லாமல் அது மேசையில் சுருண்டது. அவள் அதைப் பார்த்தாள், ரேடியோவின் கையுறையைப் பார்த்தாள். கோப்பை அலமாரி மேல் வைத்தாள்.

"அதைக் கழட்டி வை" என்று சொல்லிவிட்டு விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

ரேடியோ ஒரு நொடி நின்றாள். பிறகு கையுறையை உருவி எறிந்துவிட்டு மறுமுனையைப் பற்றினாள். துணி இருவருக்கும் நடுவில் இறுகியது. அவள் வலது கையை உயர்த்தினாள், ரேடியோவும் வலது கையை உயர்த்தினாள், விரிப்பு முறுக்கிக்கொண்டது.

"எதிர்ல நிக்கறவங்களுக்கு இடது மேடம்."

மறுபடி பிரித்தார்கள். இந்தத் தடவை ஒரு மூலை கை நழுவித் தரையைத் தொட்டது.

"போச்சு. திரும்பத் துவைக்கணும்" என்று ரேடியோ உருளைக்கு மேலாகக் கூவினாள். தூரத்தில் யாரோ சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். தரையைத் தொட்ட விரிப்பைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு, ஈரமான உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எந்தக் கை முதலில் என்று ரேடியோவிடம் கேட்டாள். அடுத்தது உருளையிலிருந்து வந்துகொண்டிருந்தது.